முனிச்சாலை, பத்தரை மணி

அக்டோபர் கடைசி ஞாயிறன்று
அவர்கள் நாட்டில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவைத்தார்கள்.
என் ஒன்பதரை பத்தரை ஆனது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

பத்தரை என்றால்
கீழே சிக்கந்தர் பாய் கடையில் கொத்துப் பரோட்டா உச்சம்.
கட்டடம் கட்டுகிறார்களா என்று கேட்டார் பிரிகிட்டே.
இல்லை, இரவுச் சாப்பாடு என்றேன்.

கம்பெனி எனக்கு வைத்த பெயர் மேகி.
மங்கையர்க்கரசி கட்டத்துக்குள் கொள்ளவில்லையாம்.

ஐந்து பேர். இலக்கணம் வேண்டாம், பேச வர வேண்டும், அவ்வளவுதான்.
பிரிகிட்டேயின் மருமகன் கனடாக்காரன்.
லிஃப்ட் பழுதுபார்க்கிற யோர்க்குக்கு
அயர்லாந்திலிருந்து புது முதலாளி.
உவே எதற்கு வருகிறார் என்று
முதல் மாதம் முழுக்கத் தெரியவில்லை.

எங்கே இருக்கிறாய் மேகி என்றார் ஒருநாள்.
முனிச்சாலை என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்; அவர் ஊர் மியூனிக்.
துறவிகள் இருந்த இடம் என்று அர்த்தமாம்.
எங்களுடையதும் ஒரு முனிதான்,
தவம் செய்தவரா, அரிவாளோடு காவல் நின்றவரா,
டவுன் பஸ் டிக்கெட்டில் அதெல்லாம் போட்டிருக்காது.

வைன் வேறு, வைன் வேறு.
கீழுதட்டைக் கடித்தால் கொடி,
உதட்டைக் குவித்தால் மது.
ஒரே ஒரு வ-வை வைத்துக்கொண்டு
பாகம் பிரித்துக் கொடுக்கிறேன் நான்.
'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்றார் யோர்க்.
திருத்தினேன்.
போன வாரம் பாங்கில் நானே அப்படித்தான் சொன்னேன்.

தீராத வியாதி ஒன்று உண்டு இவர்களுக்கு: பிகம்.
அவர்கள் மொழியில் கிடைப்பதற்கும் பெறுவதற்கும்
கிட்டத்தட்ட அதே ஓசையில் ஒரு சொல்.
ஓட்டலில் உட்கார்ந்து
'ஐ பிகம் எ காஃபி' என்பார்கள்,
நுரை ததும்பக் காபியாகவே ஆகிவிடுவார்கள்.
பொங்கல் கழித்து பிரிகிட்டேக்கு ஆபரேஷன்:
'ஐ பிகம் எ நியூ நீ.'
கெட், கெட் என்று நான் தட்ட,
கீழே கல்லில் பாயும் தட்ட.

வகுப்பு முடிந்தால் பிழைப்பட்டியல் அனுப்ப வேண்டும்.
பட்டியலுக்கு நட்சத்திரம்,
நட்சத்திரத்துக்குச் சம்பளம்.

இந்தச் செவ்வாய் தலைப்பு சமையலறை.
ஓவனைக் காட்டினார் யோர்க், உள்ளே கருகிய எதையோ மறைத்தபடி.
உவே காட்டியது மஞ்சள் கெண்டி, விசில் உடைந்தது.
மை வைஃப் வாங்கியது என்றார்.
பிறகு,
'ஷி பிகேம் கேன்சர்.'

காட், என்று சொல்லியிருக்க வேண்டும் நான்.
நம் எழுத்தில் அது கடவுளும்தான்.
கொத்துச் சத்தம் நிற்கவில்லை.
பிரிகிட்டே என்னையே பார்த்தார்,
இந்தப் பிழையில் நூறு முறை தட்டுப்பட்டவர்.

'அண்ட் தென் ஷி பிகேம்...'
சொல் வரவில்லை உவேக்கு.
கெண்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

என்னிடம் இருந்தது.
முனிச்சாலைச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறோமே,
கொட்டை எழுத்தில், பூமாலை போட்ட படத்துக்குக் கீழே,
இன்னார் காலமானார் என்று.
நாளெல்லாம் அதைக் கடந்து போகிறேன்,
காலம், ஆனார் என்று
ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை.

ஷி பிகேம் டைம், என்றேன்.

இது சரியா மேகி? யோர்க்.
தப்பு. ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லக்கூடாது.
உவே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
எழுதிக்கொண்டார்.
டைமுக்கு எழுத்துக் கேட்டார்,
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

பட்டியலில் முழங்கால் போட்டேன், பத்து வருஷம் போட்டேன்,
இரண்டு வைனையும் போட்டேன்.
நட்சத்திரம் நாளைக் காலையில் தெரியும்.

படியிறங்கினால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் பாய்.
கிளாஸ் ஆச்சா டீச்சர்?
ஆச்சு பாய்.
சாப்பாடு?
இன்னும் ஆகல.