ஒரே பக்கம், இரண்டு எண்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
ராத்திரி பன்னிரண்டு தாண்டியும்
கடைசல் எந்திரம் தன் அச்சின் நடுக்கத்தை
நொடிக்கு ஐம்பதாயிரம் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.
கேட்டுக்கொள்ள வேண்டியது என் புரோகிராம்.
பாதியைத் தவறவிடுகிறது.

ஜூஜூவாடி சாவடி மாதிரி
கெர்னலின் எல்லையில் ஒவ்வொரு லாரியும் நிற்கிறது.
சரக்கை இறக்கி
அதே சரக்கை இன்னொரு லாரியில் ஏற்றி
சீட்டில் முத்திரை குத்தி அனுப்புவதற்குள்
அத்திப்பள்ளி வரைக்கும் வரிசை.

"காப்பி எடுக்கறதுதான் சார் நோய். காப்பியே வேணாம்."
திம்மராயப்பா டீயை ஊதினார்:
"எல்லைய அழிக்கப் போறியாம்மா?"

எல்லை அங்கேயே இருக்கட்டும்.
நிலம் ஒன்று,
இரண்டு ஊர்க் கணக்கில் இரண்டு சர்வே எண்.
கெர்னல் தன் எண்ணைச் சொல்லி விதைக்கும்.
என் புரோகிராம் வேறோர் எண்ணைச் சொல்லி
அதே வரப்பில் நின்று பார்க்கும்.
பார்க்க மட்டும்.
ஒரு கதிரைக் கிள்ளினால்
அந்த நொடியே சாவு.

ஒரு மணிக்கு மேப் ஆனது.
ஒன்றேகாலுக்குச் செத்தது.
உள்ளே ஒரு பாயின்டர்,
கெர்னல் தன் வீட்டுக்குள் புழங்கும் முகவரி.
என் பக்கம் அந்த இடத்தில் வெறும் வானம்.
பாகலூர் ரோட்டில் ஒருமுறை வழி கேட்டேன்,
"முனியப்பா வீட்டுக்கு எதிர்ல" என்றார்கள்.
எந்த முனியப்பா?
முகவரியை அழித்துவிட்டுத் தூரத்தை எழுதினேன்:
பக்கத்தின் முதல் பைட்டிலிருந்து
இத்தனை தள்ளி.
யார் எந்த வாசல் வழியாக வந்தாலும்
நடை அதே நடை.

இரண்டரைக்கு எண்கள் ஓடின.
நடுநடுவே ஒரு பொய்:
நேரம் பழையது, நடுக்கம் புதியது.
அது எழுதி முடிக்கும் முன்
நான் படித்திருக்கிறேன்.

பக்கத்தின் தலையில் ஓர் எண் வைத்தேன்.
எழுதத் தொடங்கினால் ஒன்று கூடும், ஒற்றை.
முடித்தால் இன்னொன்று, இரட்டை.
ஒற்றையைக் கண்டால் பொறு.
படித்த பின்னும் அதே இரட்டை நின்றால் நம்பு.
மாறியிருந்தால்
படித்ததை மறந்துவிட்டு மறுபடி படி.
பூட்டு கிடையாது.
எழுதுவது யாருக்காகவும் நிற்காது,
காத்திருப்பது வாசிக்கிறவள் பாடு.

ஐந்தேகாலுக்கு மத்திகிரியில் இறங்கினேன்.
மூச்சு புகையாகப் போகும் குளிர்.
நாகவேணிக்கும் எனக்கும் ஒரே கட்டில்,
அவளுக்கு இரவுக்கு, எனக்குப் பகலுக்கு.
வாடகை ஆளுக்குப் பாதி.
தலையணை உறையை யார் துவைப்பது என்பதில்தான்
அவ்வப்போது சண்டை.

சாவியை நுழைத்துவிட்டேன்.
உள்ளே அவள் போனில்,
அஞ்செட்டிக் கன்னடத்தில்,
"அந்தப் பணத்த நான்தான்..."
அதற்கு மேல் அழுகை.

சாவியை உருவிக்கொண்டு
முக்கு டீக்கடைக்கு நடந்தேன்.
ஒரு டீ.
சர்க்கரை கம்மியாக இன்னொன்று.
கதவின் தலையில் எண் எதுவும் இல்லை.

ஐந்து ஐம்பதுக்குத் தலை சீவி,
கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டி வந்தாள்.
"வந்து எவ்ளோ நேரமாச்சு?"
"இப்பத்தான்."
ஷிப்ட் பஸ் அவளை ஏற்றிக்கொண்டது.

கட்டில் இன்னும் சூடாக இருந்தது.
தலையணையில் ஓர் ஓரம் ஈரம்.
திருப்பிப் போட்டுப் படுத்தேன்.