&நாள்

வினிப்பெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஒரீசியா ஹ்னாட்யுக் ஜாபின் தலையில் எழுதினாள்:
நாள் என்றால் இன்று.
கீழே சார்ட் கார்டில் வெறும் &நாள்.
இனி இரவுதோறும் தேதியைக்
கையால் திருத்த வேண்டாம்.

ஓடி முடிந்தது. ரிட்டர்ன் கோடு சுழியம்,
அதாவது எல்லாரும் சுகம்.

விடிந்ததும் டாஃபினிலிருந்து போன்:
கோதுமை போட்டு ஒன்பது நாள், செக் எங்கே?

நட்சத்திரக் குறிக்குக் கீழே
மேல்வரியின் பேச்சு எடுபடாது.
எழுதியது எழுதியபடியே உள்ளே போகும்.
நாலு லட்சம் ரெக்கார்டையும் புரட்டி
&நாள் என்றே பெயர்கொண்ட ஒரு நாளைத்
தேடியிருக்கிறது, பாவம்.
அப்படியொரு நாளில்
யாரும் கோதுமை அளக்கவில்லை.

மேலே எக்ஸ்போர்ட் என்று ஒரு வரி,
அந்த நட்சத்திரத்தை ஒட்டி
சிம்பல்ஸ் என்று ஒரு சொல்.
இரண்டாம் ஓட்டத்தில்
ஆயிரத்து நூற்றுப் பதினேழு செக்.

வீட்டு ஃபிரிட்ஜில்
மகன் டனைலோவுக்கு ஒட்டிய சீட்டு:
'நாளைக்கு ஸ்கேட்டிங் போகலாம்.'
ஒட்டி இரண்டு வாரம்.
காலையில் எழுந்து வாசிக்கிறான்,
எப்போது வாசித்தாலும் நாளைக்குத்தான்.

கோட்டைக் கழற்றாமல் பென்சில் தேடினாள்.
அடித்துவிட்டு எழுதினாள்:
சனி, மூன்று மணி.