ஏழு சென்டிமீட்டர்

நாலு ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்
என் மைக்ராஸ்கோப் இருக்கிறது.
காலையில் பையன் பைக்கில் வருவான்,
கட்டைப்பையில் ஃபார்மலின் குடுவைகளோடு.
குலுக்காமல் கொண்டு வா என்றால்
"எல்லாம் செத்ததுதானே மேடம்" என்பான்.

இன்று மூன்றாவது குடுவை:
செங்கமலம், பெண், பத்தொன்பது.
குடல்வால் அழற்சி?
கேள்விக்குறியைப் போட்டுவிட்டுத்தான்
கத்தியை எடுத்திருக்கிறார்.

ஸ்கேலை வைத்தேன். ஏழு சென்டிமீட்டர்.
மேலே வழவழப்பு, கழுவின மினுமினுப்பு.
நறுக்கி, மெழுகில் புதைத்து, சீவி,
சாயமேற்றிப் பார்த்தாயிற்று.
தசைப்படலத்தில் ஒரு வெள்ளணுகூடச்
சண்டைக்கு வந்திருக்கவில்லை.
தீப்பிடிக்காத வீட்டுக்குத்
தீயணைப்பு வண்டி வந்து போயிருக்கிறது,
கதவை உடைத்துக்கொண்டு.

'அழற்சி இல்லை.'
இந்த மாதத்தில் இப்படி அடிப்பது ஐந்தாவது முறை.
ஐந்தும் பெண்கள்.
ஆண்களின் குடுவைகள் பெரும்பாலும்
சீழும் சிவப்புமாக
சொன்ன சொல் தவறாமல் வந்துவிடும்.

அந்த டாக்டரைத் திட்டலாம்தான்.
ஆனால் நாகலூர் வினிதாவின் குடுவையையும்
இதே மேசையில்தான் திறந்தேன்.
மாசாமாசம் வர்றதுதானே என்று
சுக்குக் கஷாயத்தில் இரண்டு நாள் போயிற்று.
மூன்றாம் நாள் எஸ்டேட் ஜீப்பில்
இருபது கொண்டை ஊசியும் இறங்கினாள்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் கத்தினவள்
அடிவாரம் வந்ததும்
வலி நின்னுடுச்சு என்று சிரித்தாளாம்.
வெடித்த வால்
கொஞ்ச நேரம் வலிக்காது.
எனக்கு வந்தது கருகின கந்தல்.
பிழைத்தாள். வீடு போக நாற்பது நாள் ஆயிற்று.
அதற்குப் பிறகு அவர் காத்திருப்பதில்லை.
அவருடைய அவசரத்துக்குள்
வினிதா படுத்திருக்கிறாள்.

வலது அடிவயிறு குறுகலான சந்து.
ஒட்டுச்சுவரில் குடல்வாலும் சூலகமும் குடித்தனம்.
அழுகைச் சத்தம் எந்த வீட்டில் என்று
வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது.
ஸ்கேன் எழுதியது இவ்வளவுதான்:
'குடல்வால் தெளிவாகத் தெரியவில்லை.
அடியில் சிறிது நீர்.'

மதியம் அவளே வந்தாள்.
பக்கத்தைக் கையால் அணைத்துப் பிடித்து
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் வைத்து.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிற வேலை.
விரல்நுனிகளில் பழைய சூடு, புதிய சூடு.
"கெட்டுப்போயிருந்துச்சுங்களா அது?"

பதிலுக்கு நான் கேட்டேன்,
வலி வந்தது தலைக்குக் குளித்து எத்தனாவது நாள்?
கட்டைவிரலால் கணுக்கணுவாய் எண்ணினாள்.
"பதினாலு. போன மாசமும் அப்படித்தான், லேசா."
ஆஸ்பத்திரியில் கேட்டார்களா?
"கேட்டாங்க. கல்யாணம் ஆயிடுச்சான்னு.
அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க."

முட்டை விடுபட்ட வலியாக இருக்கலாம்,
சின்ன நீர்க்கட்டி உடைந்திருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்;
நான் அங்கே இல்லை,
என்னிடம் கண்ணாடித் துண்டுதான் இருக்கிறது.

"பாக்கலாமா?"
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
ஒரு கண்ணை மூடினாள்,
கண்ணியில் பிசிறு தேடுகிற பழக்கத்தில்.
ஊதா வளையம், அதைச் சுற்றி ரோஸ் வளையம்.
கீழே இரண்டு பஸ் போகிற நேரம் பார்த்தாள்.

"விரிசல் ஒண்ணும் இல்லையேங்க"
என்றாள், சரக்கைத் தேறியதென்று
ஒதுக்கி வைக்கிற குரலில்.

அறிக்கையை மடித்துக் கவரில் போட்டேன்.
வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள்
திரும்பினாள்.

"அப்போ அந்த வலி
இன்னும் உள்ளேதான் இருக்குதுங்களா?"

ஏற்கெனவே இறுக்கியிருந்த மூடியை
இன்னொரு முறை இறுக்கினேன்.