மூன்றுக்கு ஒன்று குறைவு

நீல மூடிக் குழாயில்தான் முதலில் வந்தாள்.
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, வெளியே ஈரப்பனி.
ஒட்டியிருந்த சீட்டில் பெயர்: ட்ஸிந்த்ரா.
எங்கள் லாட்விய மொழியில் அம்பரிலிருந்து எடுத்த பெயர்.
புயலுக்கு மறுநாள் லியெபாயாக் கரையில்
பாசிக்குள் விரல்விட்டுத் தேடுவோம் அதை,
ஓட மறந்து கல்லாகிப்போன மரப்பிசின்.

சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத் தெளிவு.
அதற்குள் ஓர் எஃகுக் குண்டை ஆடவிட வேண்டும்.
உறையும்போது குண்டு நிற்கும்.
ஊரார் குண்டெல்லாம் முப்பத்தைந்து நொடியில் நின்றுவிடும்.
அவளுடையது எழுபத்தொன்று வரை
ஊஞ்சலைவிட்டு இறங்காத பிள்ளைபோல் ஆடியது.

கண்ணாடிக்குள் இத்தனை சோம்பும் இரத்தம்
காலுக்குள் போனால் அவசரக்காரி.
இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன்,
இன்னும் பழகவில்லை இந்தப் புரட்டு.

மற்ற இரண்டு எதிர்ப்பொருளும் பார்த்தேன்.
இரண்டும் எகிறின.
மூன்றும் சேர்ந்து வருவதுதான் பயம்.
ஆனாலும் ஒரு நாள் காய்ச்சலுக்குக்கூட
இவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுண்டு.
பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி, என்று எழுதிக் கையெழுத்திட்டேன்:
வெல்கா.

பன்னிரண்டு வாரம்.
அந்தக் கணக்கு அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று
படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிய பிறகே உறைத்தது.
பத்தொன்பதாம் வாரத்தில் ஒரு பெண் குழந்தை, துடிப்பில்லை.
அதற்கு முந்தைய ஜனவரியில்
பனியில் வழுக்கிக் கால் முறிந்து, மாவுக்கட்டு,
கட்டுக்குள்ளே இரத்தக்கட்டி.
தொழில்: டிராம் ஓட்டுநர்.

இந்த ஊரில் டிராமுக்கு ஒரே தடம்.
தினமும் ஏறுகிறேன் நான்.

ஜூனில் இரண்டாம் குழாய். அதே ஊஞ்சல்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் இளம் மருத்துவர் ராய்வோ
புதிய அட்டவணையை விரித்துப் புள்ளி போட்டார்.
ஆய்வகத்துக்கு: பன்னிரண்டு.
மூன்று போதும் அங்கே, நாங்கள் அள்ளிக் கொடுத்திருந்தோம்.
உடம்புக்கு:
இரத்தக்கட்டிக்குக் காரணம் சொல்ல மாவுக்கட்டு இருப்பதால் ஒன்றுதான்.
குழந்தைக்கு, தனியே என்பதால், ஒன்று.
கூட்டினால் இரண்டு.
இங்கேயும் மூன்று வேண்டும்.

"வகைக்குள் வரவில்லை" என்றார் ராய்வோ,
பேனாவை மூடினார்.

அந்தக் குழந்தைக்கு ஒன்று என்றபோது
யாரும் நிமிரவில்லை. நானும்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டாக்டர் மெல்டரே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது ஆராய்ச்சிக்கு ஆள் பொறுக்கும் சல்லடை, தம்பி.
ஒரே மாதிரி ஆட்களாகச் சேர்க்க
வேண்டுமென்றே கண்ணைச் சின்னதாக வைத்துப் பின்னியது.
சலித்ததும் மேலே நின்றவளுக்கு
நோயில்லை என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?"

பிறகு வேறொரு தாள் எடுத்தார், கட்டமில்லாதது.
மூன்று எதிர்ப்பொருள், இருமுறை.
புகைக்கிறாளா? ஆம், நாளைக்கு ஆறு.
கருத்தடை மாத்திரை? உடனே நிறுத்து.
எட்டு மணி நேரம் ஒரே இருக்கை.
இரத்த அழுத்தம், கொழுப்பு, மீண்டும் குழந்தை வேண்டுமா என்ற கேள்வி.
(வேண்டும் என்றிருக்கிறாள்.)
வார்ஃபரின் இப்போதே.
கருவுற்றால் அதை விட்டுவிட்டு
ஹெபாரின், வயிற்றில் தினம் ஊசி, கூடவே சின்ன ஆஸ்பிரின்.

இப்போது வாரம் ஒரு குழாய்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டும் எண்.
2.4. 1.7. 3.1. 2.6.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புள்ளிக்குப் பின்னால்.

நேற்று மழை. கையில் பை, ஓடினேன்.
கதவு மூடியாகிவிட்டது,
மணியும் அடித்தாகிவிட்டது.
டிராம் நின்றது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டையில் பெயர்வில்லை,
காதில் தேன் நிறத்தில் இரண்டு சின்னக் கற்கள்.
புகை வாசனை இல்லை.

"பால்தியெஸ்" என்றேன், நன்றி என்று.
அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

தலையசைத்துவிட்டு,
உட்கார்ந்தபடியே குதிகாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு
பாலத்தின் மேல் ஏற்றினாள்.
எண்ணத் தொடங்கிவிட்டேன், பழக்கம்.
முப்பத்தைந்து தாண்டியும்
ஆடிக்கொண்டிருந்தது குதிகால்.