இருபது கிலோவுக்குக் கீழே

லாரி இல்லாத நேரத்தில்
எடைமேடையின் நடுவில் போய் நிற்பேன்.
கூரை விளிம்பில் சிவப்பு எழுத்து
நூறு என்று காட்டும்.
டாக்டர் வீட்டுத் தராசு சொன்னது தொண்ணூற்றாறு.
இந்த மேடைக்கு இருபது இருபதாகத்தான் எண்ண வரும்.
அதற்குக் கீழே நடப்பதெல்லாம்
சிமென்ட் மூட்டையில் ஒட்டிய தூசி.

வாளையாறில் இரவு வேலை.
எட்டுக்கு ஏறி ஆறுக்கு இறங்குகிறேன்.
'இரவு உணவை ஏழு மணிக்குள் முடிக்கவும்'
என்றது கோவையில் அச்சடித்துத் தந்த தாள்.
எனக்கு அப்போதுதான் முதல் காபி.

மச்சினன் சென்னியப்பன் பேலியோவில் இளைத்தவன்.
அவன் பேச்சைக் கேட்டுப் பதினோரு நாள்
முட்டையும் பாதாமுமாய் உட்கார்ந்திருந்தேன்.
பன்னிரண்டாம் நாள் இரண்டு மணிக்கு
சையதலவி பரோட்டா அடிக்கிற சத்தம்
சாலை தாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டது.
நான்கு. சால்னா இரண்டு தடவை.
கை கழுவும்போது
யாரையோ ஏமாற்றிய மாதிரி இருந்தது.

பிறகுதான் தொழில் ஞாபகம் வந்தது.
சரக்கோடு ஓர் எடை, காலியாக ஓர் எடை,
கழித்தால் உள்ளது தெரியும்.
வீணான சீட்டுகளின் முதுகில் எழுத ஆரம்பித்தேன்
பசித்த நேரம், தின்றது,
தின்றபின் உடம்பு என்ன சொன்னது.
ஒரு மாதச் சீட்டை மேசையில் பரப்பிப் பார்த்தால்
இரண்டு மணிப் பசி பசியே இல்லை,
தூக்கம்.
வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.
நாலே காலுக்கு வருவதுதான் அசல்.

இப்போது இரண்டு மணிக்குக் கட்டன்சாயாவும்
மேடையைச் சுற்றி ஆறு நடையும்.
நாலே காலுக்கு மட்டை அரிசிக் கஞ்சி, பயறு,
ஒரு விரல் சம்மந்தி.
"சாரே, இதா உங்க டீசல்" என்று நீட்டுகிறான் சையதலவி.

டிரைவர்கள் வாங்கித் தரும் டீயை மறுக்க முடியாது.
மறுத்தால் எடையில் ஏதோ வைத்திருக்கிறேன் என்பார்கள்.
வாங்கிக்கொள்கிறேன்.
சர்க்கரை அடியிலேயே கிடக்கிறது,
கலக்காமல் குடிக்கப் பழகிவிட்டேன்.

கூட இருக்கும் சாலமனுக்கு என் கணக்கு ஆகாது.
குடல்புண்காரன்.
இரண்டு மணிக்கு அவன் தின்றே தீர வேண்டும்.
அவன் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது
நான் டம்ளரோடு வெளியே போய்விடுவேன்.
ஞாயிறு மட்டும் பரோட்டா. இரண்டு.
அதை எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை.

ஏழு மாதம் மேடை நூறு என்றே சாதித்தது.
பூங்கொடி என் பேன்ட் இடுப்பை
இரண்டு முறை பிடித்துத் தைத்தாள்.

நேற்று மூன்றரைக்கு மழை விட்டிருந்தது.
ஈர மேடையில் சும்மா போய் நின்றேன்.
நூறு.
கால் மாற்றினேன். எண்பது.
நூறு. எண்பது. நூறு.
மரவள்ளி ஏற்றிய பொள்ளாச்சி வண்டி
விளக்கை அடித்து அடித்து ஹார்ன் கொடுத்தது.
எதில் நின்றதென்று பார்க்காமல்
இறங்கி வழிவிட்டேன்.