பதினேழாவது வளைவு

பனி கடைசியாகக் கைவிடுவது
பதினேழாவது வளைவைத்தான்.
ஜூன் இரண்டாம் வாரம்
மண்வெட்டி, கைரம்பம், தோளில் இரண்டு பலகை,
ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட்டோடு ஏறுகிறேன்.
சைக்கிள் பதினொரு நிமிடத்தில் இறங்கிவிடும் தடம்.
ஏற எனக்கு மூன்று மணி நேரம்,
ரொட்டி தின்ன நிற்பதையும் சேர்த்து.

ஃபோர்ச்சா நைராவில் தொடங்கி சுர்லேக் தேவாலயம் வரை
நாலு கிலோமீட்டர், அறுநூறு மீட்டர் இறக்கம்.
வரைபடத்தில் அது ஒரு சிவப்புக் கோடு.
என் முழங்காலில் அதற்கு வேறு நிறம்.

கல்லுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம்
நானும் துமாஷும்.
ஹேண்டில்பாரைத் தாண்டி ஆளைத் தூக்கிப் போடுகிறவன்
பல் வைத்தியர்.
எவ்வளவு மெதுவாய்ப் போனாலும்
ஏதாவது பிடுங்கிக்கொள்வது
வரி அலுவலகம்.
பதினேழாவது வளைவுக்குப் பெயரில்லை.
திட்டவே நேரம் போதவில்லை.

அடியில் ஊற்று.
கல் பரப்பினோம், விழுங்கியது.
லார்ச் கட்டை அடுக்கினோம்,
அடுத்த வசந்தத்தில் அவை தனித்தனியே
கீழே ஆற்றில் மிதந்தன.
கூர் நகரத்துப் பொறியாளர் வந்து
குழாய் பதித்தார், அழகான பிளான்.
ஆகஸ்டில் குழாய்
மண்ணுக்கு வெளியே தலை நீட்டி
எங்களை வேடிக்கை பார்த்தது.
பதினொரு வருஷம் இப்படி.

மேய்ச்சல் நிலத்தின் வாசலில் யாஹெனின் பலகை:
*கேட்டைச் சாத்திவிட்டுப் போகவும்.*
நாலு மொழியில்.
அதற்கும் கீழே அவரே வரைந்த படம்,
ஒரு மாடு, ஓர் அம்புக்குறி, முஷ்டி.

போன செப்டம்பரில் எவனோ
நொடிகளை எண்ணிக்கொண்டே வந்தவன்
சாத்தவில்லை.
இருபத்துமூன்று மாடுகள்
ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் தடத்தில் இறங்கி
விடிகிறபோது பெட்ரோல் பங்கில்
கார் கழுவும் பிரஷ்ஷை நக்கிக்கொண்டிருந்தன.

ஊர்க் கூட்டத்துக்கு யாஹென்
ஒரு வேலிக் கம்பத்தோடு வந்தார்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
'தடத்தை மூடுங்கள்.'
'கோடையில் என் அறைகளில் பாதி
சைக்கிள்காரர்கள்தான்' என்றாள் உர்சினா.
'என் மாடு உன் ஓட்டலில் தங்குவதில்லை.'
'தங்கினாலும் ஈரச் செருப்பை
மெத்தையில் வைக்காது' என்று
அவளே சொல்லிச் சிரித்துவிட்டாள்.
அவர் சிரிக்கவில்லை.
முடிவை வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்.

மறுநாள் சேதம் கணக்கெடுக்கப் போனேன்.
முதல் வளைவிலிருந்தே குளம்புகள்,
சரித்து எழுப்பிய மண்சுவர்களில் சாணி,
வரி அலுவலகத்தின் மேல் தாராளமாய்.
பதினாறு வரை எண்ணினேன்.
பதினேழில்
ஒரு குளம்புகூட இல்லை.

பத்தடி முன்னாலேயே திரும்பியிருக்கின்றன.
ஆல்டர் புதருக்கு மேலே ஏறி,
நான் ஒருநாளும் மிதித்துப் பார்க்காத
ஒரு பாறைப் பலகையில்
ஒற்றை வரிசையாய்க் கடந்து
கீழே மறுபடி தடத்தில் சேர்ந்திருக்கின்றன.
இருட்டில். தொண்ணூற்றிரண்டு கால்.
மிதிவண்டிக்கு வழி தேடிய நாங்கள்
மிதிக்கத் தெரிந்தவர்களைக் கேட்கவேயில்லை.

யாஹெனிடம் சொன்னேன்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு,
'எது முன்னால் போயிருக்கிறது?'
'எனக்கெப்படித் தெரியும்?'
'முன் குளம்பில் இடது விரல் விரிந்திருந்ததா?'
இருந்தது.
வீட்டுக்குள் போனார்.
தடத்தைப் பற்றி அதற்கப்புறம் ஒரு சொல் இல்லை.
ஏப்ரலில் கேட்டில் அவரே ஸ்பிரிங் மாட்டியிருந்தார்,
தானாகச் சாத்திக்கொள்ளும்,
கொஞ்சம் அடிக்கவும் செய்யும்.

இன்று புது வழியை வெட்டி முடித்தேன்.
புதர் கழித்து, பாறையைத் துடைத்து,
ஆணி அடித்து, மஞ்சள் பூசி.
பெயின்ட் காய்வதற்குள் முதல் ஆள் வந்துவிட்டாள்,
பச்சை ஹெல்மெட், பல்லில் சேறு.
புதரடியில் திரும்பினாள், பாறையில் உருண்டாள்,
பிரேக்கைத் தொடவில்லை,
எதையும் கவனிக்கவில்லை.
தடம் போடுகிறவளுக்கு
இதைவிட என்ன வேண்டும்.
கீழே கேட் அவள் முதுகில் ஒன்று வைத்தது கேட்டது.

பழைய வளைவுக்கும் போனேன்.
அங்கே எனக்கு வேலையில்லை இனி.
ஊற்று தன்பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது,
குழாயின் வாயில் ஒரு தவளை.
பழக்கதோஷம்,
ஒரு தடவை நன்றாகத் திட்டிவிட்டு
இறங்கினேன்.