இரண்டு தக்கைகள்

ஏப்ரல் கடைசி. எஸ்தர்சுண்டில் ஏரி
இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு
செய்தித்தாள் விரித்துப் படுக்கிறேன்
வோல்வோ அமேசானின் மோவாய்க்குக் கீழே.
அறுபத்தாறாம் வருடத்து வண்டி,
என்னைவிட மூன்று வயது மூப்பு.

முதலில் வடிக்க வேண்டும்.
ஆறு மாதமாக எனக்குத் தண்ணி காட்டிய வண்டி
இன்று நிஜமாகவே காட்டியது, பச்சையாக:
முழங்கை வழியே சட்டைக்குள்,
அங்கிருந்து அக்குள்.
இனிக்குமாம். நக்கினால் பூனை செத்துவிடுமாம்.
பக்கத்து வீட்டுப் பூனையைச் சமையலறையில்
அடைத்து வைத்திருக்கிறாள் ரூநா.
ஜன்னலில் நின்று அது என்னை ஏசுகிறது.

மேல் ஹோஸ் வெளிப்படையான ஆள்.
வளைவில் வெடித்து, உள்நூல் தெரிய
போன ஆகஸ்டிலிருந்தே பல்லிளித்துக்கொண்டிருந்தது.
கீழ் ஹோஸ்தான் உள்ளொன்று வைத்த ரகம்.
புறத்தே கறுப்பு மினுமினுப்பு.
அறுத்துப் பார்த்தால் உள்சுவர்
தோல் தோலாக உரிந்து தொங்குகிறது.

கிளாம்பின் திருகு அசையவில்லை.
எண்ணெய் விட்டேன். காப்பி குடித்தேன்.
மறுபடியும் எண்ணெய்.
முறுக்கிப் பிடுங்கக் கூடாது,
ரேடியேட்டரின் கழுத்து பித்தளை.
கத்தியால் நெடுக்கே கீறி
அவரை நெற்றைப் பிளப்பதுபோல் விரிக்க வேண்டும்.
மூன்றாவது ஹோஸில்தான் இதைக் கற்றேன்.
இரண்டாவதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அப்புறம், பேட்டரிக்குப் பின்னால்,
இதுவரை கையே நுழையாத இடத்தில்
ஒரு குட்டி ஹோஸ்:
இஞ்சினில் கிளம்பி
ஒரு சாண்கூடப் போகாமல்
‘ப’ போட்டுத் திரும்பி
இஞ்சினுக்கே போய்ச் சேருகிறது.
எதற்கு?
டார்ச்சைச் சாய்த்தேன்.
ஹீட்டருக்குப் போகவேண்டிய இரண்டு குழாய்களின் வாயிலும்
ஷாம்பெயின் பாட்டில் தக்கை.
கம்பி சுற்றி, கம்பி முனையை
ஒழுங்காக உள்ளே மடித்து.

பதினொரு குளிர்காலம்!
இரண்டு காற்சட்டை, மடியில் கம்பளி,
கண்ணாடியின் உட்புறப் பனியைச் சுரண்ட
காலாவதியான நூலக அட்டை.
பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று
எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
வண்டியை விற்ற லிண்ட்மார்க்கை
அவன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டினேன்.
பூனைகூட வாயை மூடிக்கொண்டது.

தக்கைகளைப் பிடுங்கினேன்.
புது ஹோஸ், சோப்புத் தண்ணீர் தடவி,
இடமும் வலமும் ஆட்டி ஆட்டி ஏற்றினேன்.
நிரப்பினேன். காற்றுக் குமிழ் ஏப்பமிட்டு அடங்கும்வரை
மூடியைத் திறந்தே வைத்தேன்.
ரூநா பக்கத்து இருக்கையில் ஏறி
கதவைச் சாத்திக்கொண்டாள்.

முள் நகர்ந்தது. விசிறி முனகியது.
முதலில் வந்தது சூடு அல்ல,
நாய் முடி.
வெள்ளையாக, சுருள் சுருளாக,
லிண்ட்மார்க்கின் ஏதோ ஒரு நாய்
எங்கள் மடியெல்லாம் உதிர்ந்தது.
அதன் பின்னால் சூடு.
கணுக்காலில் ஏறி, முழங்காலில் தங்கி,
கண்ணாடியில் இரண்டு அரைவட்டமாகத் தெளிந்தது.
ரூநா கையுறையைக் கழற்றினாள்.
ஒன்றும் சொல்லவில்லை, விரல்களைப் பிரித்து
காற்று வரும் வாயில் வைத்துக்கொண்டாள்.

நான்கு நிமிடம்.
“என் காலுறை நனைகிறதே” என்றாள்.
குனிந்து பார்த்தேன்.
டாஷ்போர்டின் அடியிலிருந்து
பச்சையாக ஒரு சொட்டு.
யோசித்து, இன்னொன்று.

ஆக, லிண்ட்மார்க் சோம்பேறி இல்லை.
அவனும் ஒருநாள் இங்கே
இதே மாதிரி குனிந்திருக்கிறான்.
வம்சத்தோடு திட்டியதை
ஒவ்வொருவராகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்,
ஏறக்குறைய எல்லாரையும்.
ஒரு வார்த்தை சொல்லி விற்றிருக்கலாம்.

வண்டி ஆறியதும்
தக்கைகளைத் தேடி எடுத்தேன்.
ஒன்று பூனையிடம் போய்விட்டிருந்தது.
பிடுங்கி வந்து, துடைத்து,
அதே கம்பியை அதே மடிப்பில் சுற்றினேன்.
என் மடிப்பு அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை.

ஹீட்டரைக் கழற்றினால் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும்;
ஜூனில் பார்க்கலாம் என்றேன்.
ரூநா வண்டியை விட்டு இறங்கவில்லை.
ஈரக் காலுறையை உருவி ஸ்டியரிங்கில் காயப்போட்டு
ஒரு நாய் முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
“ஜூன் எந்தத் தேதி?” என்றாள்.